மான் கறியில் ஈயம்

அமெரிக்காவில் வட டகோட்டா என்று ஒரு மாகாணம். மான் வேட்டைக் காலம் வந்துவிட்டால் அங்கே பல வீடுகளில் மான் கறிதான். அப்பா துப்பாக்கியுடன் போவார். ஒரு மான் விழுந்தால் போதும், குடும்பத்துக்குப் பல வாரங்களுக்குக் கறி கவலை இல்லை.

மீந்த கறியை ஏழைகளுக்குக் கொடுப்பதும் உண்டு. அதைத் தரும நிலையங்கள் வாங்கி, இல்லாதவர்களுக்கு இலவசமாக வழங்கும்.

நல்ல காரியம்தான். ஆனால் பொட்டலத்துக்குள் ஈயமும் இருந்தது!

படம் காட்டியது

பிஸ்மார்க் நகரில் தோல் வைத்தியம் பார்ப்பவர் டாக்டர் வில்லியம் கார்னட்சர். அவரும் வேட்டைக்காரர்தான். ஏழைகளுக்கென்று வந்த மான் கொத்துக்கறிப் பொட்டலங்களில் சுமார் நூறை எடுத்தார். நோயாளிகளைப் படம் பிடிக்கும் ஸ்கேன் எந்திரத்தில் அவற்றை வைத்துப் பார்த்தார்.

பாதிக்கு மேற்பட்ட பொட்டலங்களில் உலோகத் துணுக்குகள் தெரிந்தன.

மாகாண அதிகாரிகளும் சோதித்தார்கள். ஈயம்தான் என்று உறுதியாயிற்று. தரும நிலையங்களில் இருந்த மான் கறியை எறிந்துவிடும்படி 2008ஆம் ஆண்டு மார்ச் மாதம் சொல்லப்பட்டது.

(இங்கே ஈயம் என்பது காரீயம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வேறு. அது வெள்ளீயத்தில் செய்வது.)

ஈயம் எப்படி வந்தது? தோட்டாவிலிருந்து வந்தது. ஈயம் மென்மையான உலோகம். ஒலியைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் பாய்ந்து எலும்பிலும் சதையிலும் மோதும்போது அது சிதறிவிடுகிறது. மின்னசோட்டா மாகாணத்தில் அதே 2008ஆம் ஆண்டு செத்த ஆடுகளைச் சுட்டு, எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். காயத்திலிருந்து ஓர் அடிக்கு அப்பாலும் துணுக்குகள் கிடந்தன. பல துணுக்குகள் கண்ணுக்கே தெரியாத அளவு. நாக்கிலும் தட்டுப்படாது.

பெரிதாக இருந்தால் துப்பிவிடலாம். தூளாக இருப்பதை என்ன செய்வது?

குழந்தைக்கு என்ன ஆகும்?

வயிற்றுக்குள் போன ஈயத்தைப் பெரியவர்களின் உடம்பைவிடக் குழந்தையின் உடம்பு மிக அதிகமாக உறிஞ்சிக்கொள்கிறது. உடம்புக்கு அதைச் சுண்ணாம்புச் சத்திலிருந்து பிரித்துப் பார்க்கத் தெரியாது. அதனால் அது எலும்பில் போய்த் தங்கிவிடுகிறது. பல வருஷம் அங்கேயே கிடக்கும். ஒரு பெண் கர்ப்பமாகும்போது எலும்பிலிருந்து கிளம்பி வயிற்றிலுள்ள சிசுவுக்கும் போகும்.

காய்ச்சல் வராது. வயிற்று வலியும் வராமல் போகலாம். பிள்ளைக்குப் படிப்பில் கவனம் குறையும், அறிவு வளர்ச்சி குன்றும். பெற்றோர் வாத்தியாரை நொந்துகொள்வார்கள், பிள்ளையைத் திட்டுவார்கள். சாப்பாட்டுத் தட்டை யார் சந்தேகிப்பார்கள்?

வட டகோட்டாவில் 700க்கு மேற்பட்டவர்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். வேட்டைக் கறி சாப்பிட்டவர்கள் ரத்தத்தில் ஈயம் சற்றுக் கூடுதலாக இருந்தது. யாருக்கும் அன்று அபாயம் என்று கருதப்பட்ட அளவு இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். "பார்த்தீர்களா, ஒன்றுமில்லை!" என்று சிலர் வாதாடியது அதை வைத்துத்தான். ஆனால் அந்த அளவே பிறகு 2012லும் 2021லும் குறைக்கப்பட்டுவிட்டது. குழந்தையின் ரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பாதகமில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது என்பதுதான் இன்று மருத்துவர்களின் முடிவு.

வேட்டைக்குப் போகிறவர் தெரிந்து சாப்பிட்டால் அது அவர் பாடு. தரும நிலைய வாசலில் பொட்டலம் வாங்கிய தாய்க்கு என்ன தெரியும்? பசித்த பிள்ளைக்கு அதை ஆக்கிப் போட்டாள். அவளைக் கேட்டுக்கொண்டா தோட்டாவைத் தேர்ந்தெடுத்தார்கள்?

செம்புத் தோட்டா

மாற்று இல்லாமல் இல்லை. செம்பில் செய்த தோட்டா கடையில் கிடைக்கிறது. அது மோதினால் பூப்போல் விரியுமே தவிர, ஈயத்தைப் போல் தூளாவதில்லை. விலை அதிகம், அதுதான் குறை. எடையும் சற்று மாறும். ஆகவே துப்பாக்கிக்குப் புதிதாகக் குறி பார்த்துப் பழக வேண்டும். "தாத்தா காலத்திலிருந்து ஈயத் தோட்டாதானே?" என்கிறவர்களும் இருக்கிறார்கள். தாத்தா காலத்தில் ஸ்கேன் எந்திரம் இல்லையே!

பழகுவதற்குச் சில தோட்டாக்கள், மானுக்கு ஒன்றோ இரண்டோ. வேட்டைக்கு வண்டியில் போய்வரும் செலவோடு ஒப்பிட்டால் இது பெரிய பணமா?

கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் எந்த வேட்டைக்கும் ஈயத் தோட்டா கூடாது என்று சட்டம். அங்கே முதலில் கவலைப்பட்டது மனிதர்களுக்காக அல்ல, காண்டர் என்ற பெரிய கழுகுக்காக. வேட்டைக்காரர்கள் விட்டுப்போன குடலைத் தின்று அவை செத்தன. டென்மார்க் தேசம் 1996லேயே ஈய ரவையைத் தடுத்தது. 2024 ஏப்ரலில் ஈயத் தோட்டாவையும் தடுத்துவிட்டது. அங்கே வேட்டை நின்றுவிடவில்லை.

சட்டம் இல்லாத இடத்தில் பழைய தோட்டாவால் சுட்ட கறி வீட்டுக்கு வந்தால் என்ன செய்வது? காயத்தைச் சுற்றிலும் தாராளமாக வெட்டி எறிய வேண்டும். தண்ணீரில் அலசினால் துணுக்கு மற்றக் கறிக்கும் பரவும். வினிகரில் ஊறவைத்தால் ஈயம் இன்னும் கரையும். கொத்துக்கறி போடவே கூடாது. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தக் கறியைத் தொட வேண்டாம் என்று வட டகோட்டா சுகாதார இலாகாவே 2008ல் சொல்லியிருக்கிறது.