பழைய இரும்புதானே!

தென்காசிப் பக்கத்துக் கொல்லுப்பட்டறையில் அரிவாள் வாங்கப் போகும் நம்மவர்கள் கைவசம் ஒரு வாக்கியம் வைத்திருக்கிறார்கள்: “பழைய இரும்புதானே ஆசாரி, பார்த்துச் சொல்லும்!”

இதைவிட அநியாயமான பேச்சு வேறில்லை என்பது என் கட்சி.

பழைய இரும்புதான், யார் இல்லையென்றார்கள்? செங்கோட்டை வழியாக மலையேறிக் கேரளத்துக்குப் போய்வந்த லாரியின் வில்பட்டையாக இருக்கும். தேய்ந்துபோன ஸ்பானராகவும் இருக்கலாம். ஆனால் பழையதெல்லாம் மட்டமா? பாரத்தில் வளைந்து மறுபடி நிமிர வேண்டிய வில்பட்டைக்கும், இறுகிய நட்டைத் திருக வேண்டிய ஸ்பானருக்கும் நல்ல எஃகுதான் வேண்டும். நல்ல ஸ்பானரில் குரோமியமும் வனேடியமும் கலந்திருக்கும். புதிதாக வாங்கும் கட்டடக் கம்பியில் அந்தச் சரக்கு ஏது?

சரக்கு மட்டும் அரிவாளாகிவிடாது. செக்கச் சிவக்கக் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து, வாயைத் தோய்க்க வேண்டும். தோய்ச்சல் கூடினால் வாய் உதிரும், குறைந்தால் மடங்கும். தோய்த்தபின் முதுகில் மிஞ்சிய சூடு மெல்ல வாய்க்கு இறங்கும்போது, எஃகின்மேல் வைக்கோல் நிறம் படரும்; பிறகு பழுப்பு; அப்புறம் நீலம். எந்த நிறத்தில் நிறுத்துவது என்று ஆசாரியின் கண் முடிவு செய்கிறது. தென்னை உச்சியில் ஒற்றைக் கையால் மட்டை வெட்டுகிறவன் அந்தக் கண்ணை நம்பித்தான் மரமேறுகிறான்.

பழைய சங்கிலியை அழித்து வளையல் செய்கிறோம். “பழைய தங்கம்தானே” என்று வாதாடுகிறோமா? செய்கூலி, சேதாரம் என்று போட்ட கணக்கை வாய் திறவாமல் கட்டுகிறோம். தங்கத்துக்கு ஒரு நீதி, இரும்புக்கு ஒரு நீதி!

மேல்நாடுகளில் பழைய ஸ்பானரைக் காய்ச்சி அடித்துக் கத்தியாகவும் கொக்கியாகவும் கதவுக் கைப்பிடியாகவும் செய்கிறார்கள். அதன் வாயையும், பொறித்த எண்ணையும் அழிக்காமல் விட்டுவைக்கிறார்கள். பழையது என்று தெரிவதே அங்கே மதிப்பு. குற்றாலத்துச் சீசனில் பிளாஸ்டிக் பொம்மைக்குக் கேட்ட விலை கொடுக்கும் நாம், அப்படியொரு கொக்கி செய்து தரும்படி நம் ஆசாரியிடம் ஒருநாளாவது கேட்டதுண்டா?

ஆலை அரிவாள் மலிவு என்பீர்கள். மலிவுதான். மழுங்கினால் காய்ச்சி அடித்துத் தர ஆலைக்காரன் வருவானா? அதற்கும் இந்த ஆசாரியிடம்தானே வந்து நிற்பீர்கள்?

குற்றாலத்தில் விழும் சிற்றாறு சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. அந்தப் பொருநைச் சீமையைச் சேர்ந்த சிவகளையில் கிடைத்த சான்றுகளைக் கொண்டு, தமிழ் மண்ணில் இரும்பு 5,300 ஆண்டுப் பழமையானது என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தபோது மார்தட்டிக்கொண்டோம். மண்ணுக்குள்ளிருந்து வந்த பழைய இரும்புக்குக் கண்ணாடிப் பெட்டி. மண்ணுக்குமேல் உலையூதும் ஆசாரிக்குப் பேரம்!

உலை அணைந்தபின் அருங்காட்சியகம் கட்டுவதில் நாம் கெட்டிக்காரர்கள். எரியும்போதே கேட்ட கூலியைக் கொடுத்துவிட்டால் செலவு குறைவு. அவன் பிள்ளையும் துருத்தி பிடிப்பான்.