கல்லைக் கட்டியவரும் வந்தவரே

ஸ்தவாங்கரில் நம்மவர் கூடும் வீடுகளில் இரண்டு வசனங்களை அடிக்கடி கேட்கிறேன். ஒன்று: “இந்த ஊருக்கு என்ன சரித்திரம்? எண்ணெய் வந்தது, காசு வந்தது, அவ்வளவுதான்.” மற்றது: “நாங்கள் வந்தது வேறை; இப்ப வாறவை வேறை.” பெரும்பாலும் இரண்டும் ஒரே வாயிலிருந்து வருகின்றன. அது தற்செயல் அல்ல. முதலாவதை நம்பினால்தான் இரண்டாவதைக் கூச்சமின்றிச் சொல்ல முடியும்.

நான் மேற்படிப்புக்கு விசாவோடு விமானத்தில் வந்தவன். கணினி ஆலோசகனாகச் சம்பாதிப்பவன். இரண்டாவது வசனம் என்னைப் போன்றவர்களைப் புகழ்வதற்காகவே சொல்லப்படுவது. அதனாலேயே அதை மறுக்கும் பொறுப்பும் எனக்கு உண்டு.

வடகடலில் எக்கோஃபிஸ்க் எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டது 1969இல். இங்குள்ள பேராலயத்தின் கட்டுமானமோ 1125ஆம் ஆண்டளவில் தொடங்கியது. முதல் ஆயர் ரெய்னால்ட் ஓர் ஆங்கிலேயர். வின்செஸ்டரிலிருந்து வந்தவர் என்பது வரலாற்றாளர் கருத்து. ஆலயத்தின் புனிதரான சுவிதுனும் ஒன்பதாம் நூற்றாண்டில் வின்செஸ்டரில் ஆயராக இருந்தவர். உள்ளே நிற்கும் பருத்த உருண்டைத் தூண்கள் ஆங்கில-நோர்மன் பாணியைச் சேர்ந்தவை. 1272இல் ஊர் தீப்பற்றியபின் கட்டிய கிழக்குப் பகுதி கோதிக் பாணியில் அமைந்தது. 1658இல் பிரசங்க மேடையைச் செதுக்கிய அண்ட்ரூ ஸ்மித் ஸ்கொட்லாந்தில் பிறந்தவர். இந்த ஊர் தன் அடையாளமாகக் காட்டும் கட்டடத்தில் வெளியூர்க் கை படாத மூலை குறைவு.

அந்தப் பெருமையும் நிலைக்கவில்லை. 1680களில் ஆயர் பீடம் கிறிஸ்தியான்சாண்டுக்கு மாற்றப்பட்டது. நகர உரிமையே சில ஆண்டுகள் பறிபோனது. பீடம் திரும்பி வந்தது 1925இல்தான். இடையில் 1808இல் ஹெரிங் மீன் பெருந்திரளாக வந்தது. 1873இல் தகரத்தில் மீன் அடைக்கும் தொழில் தொடங்கியது. மீனும் போனது, தகரத் தொழிலும் நலிந்தது, பிறகுதான் எண்ணெய். செல்வம் வரும், போகும் என்பதை இந்த ஊர் நன்றாக அறியும்.

இனி நம்மவர் கட்டாயம் அறியவேண்டிய கதை. 1825 ஜூலை 4 அன்று ‘ரெஸ்தவ்ராசியோன்’ என்ற சிறு பாய்க்கப்பல் இந்தத் துறைமுகத்திலிருந்து அமெரிக்காவுக்குப் புறப்பட்டது. ஏறியவர்கள் 52 பேர். வழியில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அரச திருச்சபைக்கு வெளியே வழிபட்ட குவேக்கர்கள் அதில் இருந்தார்கள். நல்ல வாழ்வு தேடிப்போன ஏழைகளும் இருந்தார்கள். அதாவது, இன்றைய அதிகாரிகள் இரண்டு கோப்புகளில் பிரித்து வைக்கும் இரு வகையினரும் ஒரே கப்பலில் போனார்கள். அக்டோபர் 9 அன்று நியூயோர்க்கை அடைந்ததும் கப்பல் தடுக்கப்பட்டது. அதன் கொள்ளளவுக்குச் சட்டம் அனுமதித்ததைவிட மிக அதிகமானோர் அதில் இருந்தனர். தண்டம் விதிக்கப்பட்டது. ஜனாதிபதி ஜோன் குயின்சி அடம்ஸ் மன்னிப்பு வழங்கினார்.

நிரம்பி வழிந்த படகு, சட்டமீறல், துறைமுகத்தில் தடுப்பு. 2010 ஓகஸ்டில் 492 தமிழரோடு பிரிட்டிஷ் கொலம்பியா கரையை அடைந்த ‘சன் சீ’ நமக்கு நினைவுக்கு வரவேண்டாமா? அவர்களுக்குக் கிடைத்தது மன்னிப்பு அல்ல, மாதக்கணக்கில் தடுப்புக்காவல். அப்போது நாம் கொதித்தோம். இன்று மத்தியதரைக் கடலில் வேறு நிறத்து, வேறு மதத்து மனிதர் அதேபோல் நிரம்பிய படகில் வரும்போது, “இவ்வளவு பேரை எப்படி எடுக்கிறது?” என்று கணக்குக் கேட்கிறோம்.

இதற்கு ஒரு மறுப்பைக் கேட்டிருக்கிறேன்: “அவர்கள் போய் உழைத்தார்கள், இவர்கள் உதவிப்பணத்துக்கு வருகிறார்கள்.” கவனியுங்கள், அடம்ஸ் மன்னித்தபோது அந்த 53 பேரும் அமெரிக்காவில் ஓர் அடி நிலத்தைக்கூட உழுதிருக்கவில்லை. உழைப்பைக் காட்டுவதற்கு முதலில் கரையேற விடவேண்டும். எண்பதுகளில் வந்த நம் அண்ணன்மார் மீன் தொழிற்சாலையில் நின்றதும், துப்புரவு வேலை செய்ததும் கரையேறிய பிறகுதான். வரும்போது அவர்களைப் பற்றியும் இதே சந்தேகம்தான் பேசப்பட்டது.

ஸ்தவாங்கர் அந்தக் கப்பலை மறைக்கவில்லை. இருநூறாண்டு நிறைவில், 2025 ஜூலை 4 அன்று, அதன் மாதிரிக் கப்பலை விழாவெடுத்து அதே பாதையில் அனுப்பியது. தன் பிள்ளைகள் சட்டத்துக்கு மிஞ்சிய படகில் போனதை ஒரு நகரம் கொண்டாடுகிறது. நாமோ நம்முடைய படகுக் கதையை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு, படிப்பையும் வேலையையும் மட்டும் பிள்ளைகளுக்குக் காட்டுகிறோம்.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் தஞ்சைப் பெரிய கோவிலைக் கற்பிக்கிறோம், கற்பிக்கத்தான் வேண்டும். அதே வகுப்பில் ‘ரெஸ்தவ்ராசியோன்’ கதையையும் ‘சன் சீ’ கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்லுங்கள். “இப்ப வாறவை வேறை” என்று அடுத்த முறை ஒரு பெரியவர் சொல்லும்போது, “எந்தக் கப்பலில் வந்தவை, மாமா?” என்று ஒரு பிள்ளையாவது கேட்கட்டும்.