கடலடியிலிருந்து வரும் செய்தியை நம்பலாமா?

2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமி நம் கரையைத் தாக்கியபோது, இந்து மகாசமுத்திரத்துக்கென்று எச்சரிக்கை அமைப்பு கிடையாது. இன்று உண்டு. 2007 முதல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்கி வருகிறது. கடல் தரையில் வைத்த கருவி நீரின் அழுத்தத்தை அளந்து மேலேயுள்ள மிதவைக்குச் சொல்லும். மிதவை அதைச் செயற்கைக் கோள் மூலம் கரைக்கு அனுப்பும். சென்னையிலுள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் இப்பணியில் முக்கிய பங்கு வகிக்கிறது.

இதில் மிகவும் கடினமான கட்டம் எது? தரையிலிருந்து மிதவை வரை உள்ள சில ஆயிரம் மீட்டர் தண்ணீர்தான்.

ஒலியே கதி

ரேடியோ அலை உப்பு நீரில் சிறிது தூரத்திலேயே அடங்கிவிடும். ஆகவே ஒலியைத்தான் நம்ப வேண்டும். அதுவோ வினாடிக்குச் சுமார் 1,500 மீட்டர்தான் போகும். நேராக வரும் ஒலியின் பின்னாலேயே, நீர்ப்பரப்பிலும் தரையிலும் பட்டுத் தெறித்த ஒலியும் வந்து குழப்பும். அலையின் இரைச்சலும் கப்பலின் இரைச்சலும் வேறு! அனுப்பிய ‘1’ வந்து சேரும்போது ‘0’ ஆகிவிடலாம்.

“திருப்பிச் சொல்” என்று கேட்கலாமே என்பீர்கள். 3,000 மீட்டர் ஆழத்துக்குக் கேள்வி போக 2 வினாடி, பதில் வர 2 வினாடி. நேரம் கிடக்கட்டும்; கீழேயுள்ள கருவி மின்கலத்தில் ஓடுகிறது. அதை மாற்றக் கப்பல் போக வேண்டும். தவிர, மறுமுறை வரும் செய்தியும் கெடாதென்பதற்கு என்ன உத்தரவாதம்?

எண்ணாலும் எழுத்தாலும்

பணம் அனுப்பும் படிவத்தில் தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதுகிறோம் அல்லவா? ஒன்று அழிந்தாலும் மற்றது காப்பாற்றும். பிழை திருத்தும் குறியீட்டின் தத்துவமும் இதுவே. 1950-ல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூட விஞ்ஞானி ரிச்சர்ட் ஹாமிங் இதற்கு வழி காட்டினார். நான்கு குறிகளோடு மூன்று துணைக் குறிகளைக் கணக்கிட்டுச் சேர்த்தால், ஏழில் எந்த ஒன்று கெட்டாலும் கண்டுபிடித்துத் திருத்திவிடலாம்.

கடலில் குறிகள் கொத்துக் கொத்தாகக் கெடும். ஆகவே வரிசையைக் கலைத்து அனுப்பி, வந்தபின் ஒழுங்குபடுத்துகிறார்கள். ஓரிடத்துச் சேதம் பல இடங்களுக்குச் சிதறுவதால் திருத்துவது எளிதாகிறது. நேட்டோ நாடுகள் 2017-ல் ஏற்ற ‘ஜானஸ்’ முறையில் இவ்விரண்டு உத்திகளும் உண்டு. 64 குறிச் செய்தி அதில் 144 குறியாகப் பெருகிவிடுகிறது. வேகம் பாதிக்கும் கீழே! ஆனால் இது வீண் செலவல்ல. செய்திக்குக் கட்டும் இன்ஷூரன்ஸ்.

எல்லை உண்டு

அளவுக்கு மீறிப் பிழை நேர்ந்தால், திருத்தும் முறையே தவறான விடையைத் தந்துவிடக்கூடும். அதனால் சரிபார்க்கும் குறிகளும் உடன் வருகின்றன. அவை பொருந்தாவிட்டால் செய்தியைத் தள்ளிவிட வேண்டும். பொய் எச்சரிக்கையால் ஊரே ஓடினால், அடுத்த மெய் எச்சரிக்கையை யார் நம்புவார்?

இன்னொரு ஆபத்துக்குக் கணிதத்தில் மருந்தில்லை. மிதவையில் படகைக் கட்டுவதும், பாகங்களைக் கழற்றுவதும் பல நாட்டுக் கடல்களில் உள்ள தொல்லை. நம் கடலும் விலக்கல்ல. மிதவை பழுதானால், கடலடியிலிருந்து எவ்வளவு திருத்தமாகச் செய்தி வந்தாலும் கேட்க ஆளிராது. அந்தச் செய்தி முதலில் காக்க வேண்டியது மீனவர் குடும்பங்களையே. இதைக் கரையோர ஊர்தோறும் எடுத்துச் சொல்வது, புதிய கருவி வாங்குவதைப் போலவே சர்க்காரின் அவசர வேலையாகும்.