பஸ் வருது... நிக்குமா?

மேல்பட்டாம்பாக்கம் பஸ் நிறுத்தத்தில் காலை எட்டு மணிக்கு நிற்கிறவர்களுக்கு ஒரு வித்தை கைவந்திருக்கிறது. பஸ் கண்ணில் படுவதற்கு முன்னாலேயே, ஹாரன் சத்தத்தை வைத்தே "இது நிக்கும்", "இது நிக்காது" என்று சொல்லிவிடுகிறார்கள்! ஒரு தரம் அடித்துவிட்டு ஓய்ந்தால் நிற்கும். விடாமல் அலறிக்கொண்டு வந்தால் பின்னால் இன்னொரு பஸ் துரத்துகிறது என்று பொருள். அது நிற்காது. நின்றாலும் நிறுத்தத்தில் நிற்காது. ஐம்பதடி தள்ளி நிற்கும். ஓடிப்போய் ஏறிக்கொள்ள வேண்டும்.

ஓட முடிந்தவர்கள் ஓடுகிறார்கள். முடியாதவர்கள்?

மஞ்சக்குப்பத்து ஆபீசுக்குப் போகிற குமாஸ்தா ஓடிவிடுவார். கே.என்.சி. மகளிர் கல்லூரிக்கும் தேவனாம்பட்டினம் பெரியார் கல்லூரிக்கும் போகிற பிள்ளைகள் ஓடிவிடுவார்கள். கடலூர் ஆஸ்பத்திரியில் சர்க்கரைக்கு மாத்திரை வாங்கப் புறப்பட்ட பாட்டி ஓட முடியுமா? கைக்குழந்தையோடு நிற்கிற தாய் ஓட முடியுமா? பண்ருட்டியில் சரக்கு எடுத்துக்கொண்டு இரண்டு மூட்டையோடு கடைக்குத் திரும்புகிற வியாபாரியை ஏற்றிக்கொள்ள எந்தப் பஸ்ஸுக்கு மனசு வரும்? "மூட்டையா? அடுத்த வண்டியில வாங்கண்ணே" என்று சொல்லிக்கொண்டே கண்டக்டர் விசில் ஊதிவிடுகிறார்.

இந்த ரோட்டில் பஸ்ஸே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. கடலூரிலிருந்து நெல்லிக்குப்பம், மேல்பட்டாம்பாக்கம் வழியாகப் பண்ருட்டிக்கு சுமார் 25 கிலோமீட்டர். அரசு பஸ்ஸும் ஓடுகிறது, தனியார் பஸ்ஸும் ஓடுகிறது. திருக்கோவிலூர், திருவண்ணாமலை, வேலூர் என்று போகிற கடலூர் - சித்தூர் சாலையே இதுதான். ஆகவே வெளியூர் வண்டிகளுக்கும் குறைவில்லை. ஐந்து நிமிஷத்துக்குள் மூன்று பஸ் போகும். பிறகு அரைமணி நேரம் காக்காய் குருவிகூட வராது! பஸ் இருந்தும் பயணம் இல்லை என்பதுதான் இங்கே உள்ள குறை.

ஏன் இப்படி?

காரணம் ஊரறிந்த ரகசியம். தனியார் பஸ்களில் பலவற்றில் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் அன்றைய வசூலைப் பார்த்துத்தான் படி. வசூல் கூடினால் படி கூடும். குறைந்தால் முதலாளி முகம் சுளிப்பார். ஆக, முன்னால் போகிற பஸ் என்ன செய்கிறது? பஸ் ஸ்டாண்டை விட்டுக் கிளம்பியும் கிளம்பாமலும் ஊர்ந்து ஊர்ந்து, பின்னால் வருகிற பஸ்ஸுக்குச் சேர வேண்டிய கூட்டத்தையும் அள்ளிக்கொள்கிறது. நேரம் தவறிப்போனது தெரிந்ததும் ஒரே பாய்ச்சல். பின்னால் வருகிறவன் சும்மா இருப்பானா? "என் டைமிங்ல வந்து என் ஆளை ஏத்திட்டான்" என்று அவன் ஒரு பாய்ச்சல். முன்பஸ் பிதுங்கி வழிகிறது. பின்பஸ் காலியாகப் பறக்கிறது. இரண்டுமே நிற்பதில்லை! ஒன்றில் இடமில்லை, இன்னொன்றுக்கு நேரமில்லை.

பஸ் ஸ்டாண்டில் டைமிங் தகராறில் சட்டையைப் பிடித்துக்கொள்கிற காட்சி தமிழ்நாட்டில் எந்த ஊருக்கும் புதிதல்ல. இது நம் ஊர்க்காரர்களின் குணக்கேடும் அல்ல. தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டுத் தலைநகர் பொகோட்டாவில் இதே பந்தயம் வெகுகாலம் நடந்தது. அங்கே அதற்குப் பெயரே 'காசுச் சண்டை'. 2000-ம் ஆண்டு டிசம்பரில் அங்கே டிரான்ஸ்மிலேனியோ என்ற புதிய பஸ் திட்டம் தொடங்கியபோது, பஸ் கம்பெனிக்கு ஓடிய கிலோமீட்டர் கணக்கில் பணம் என்று மாற்றினார்கள். ஆள் பிடிக்க ஓட வேண்டிய அவசியமே அந்தப் பாதைகளில் போய்விட்டது. டில்லியில் 1992-ல் 'ரெட்லைன்' என்று தனியார் பஸ்களை விட்டார்கள். சாவுகள் குவிந்ததும் நிறத்தை மாற்றி 'புளூலைன்' என்றார்கள். நிறம் மாறியதே தவிர சாவு நிற்கவில்லை. கடைசியில் அந்த வண்டிகளையே ரோட்டைவிட்டு எடுக்க வேண்டியதாயிற்று. படி கொடுக்கும் முறை மாறாத வரை, டிரைவருக்கு எத்தனை புத்திமதி சொன்னாலும் செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

அந்தத் திங்கட்கிழமை

2023-ம் ஆண்டு ஜூன் 19-ந் தேதியை மேல்பட்டாம்பாக்கம் மறந்திருக்காது. திங்கட்கிழமை. வேலைக்குப் போகிற காலை நேரம். இரண்டு தனியார் பஸ்கள் நேருக்கு நேர் மோதி நொறுங்கின. நான்கு பேர் பலி என்று முதலில் வந்த செய்தி சொன்னது. காயம்பட்டவர்கள் எழுபதுக்கும் மேல். முதலமைச்சர் இரங்கல் தெரிவித்து நிவாரணமும் அறிவித்தார். ஒரு பஸ்ஸின் முன் டயர் வெடித்து, கட்டுப்பாட்டை இழந்து எதிர்ப்பக்கம் பாய்ந்தது என்பது அப்போது சொல்லப்பட்ட காரணம்.

டயர் வெடிப்பது விதி என்று சிலர் சொல்லக்கூடும். டயர் வெடிப்பது யாருக்கும் நேரலாம் என்பது சரி. ஆனால் டயர் எவ்வளவு தேய்ந்திருந்தது, யார் எப்போது பார்த்தார்கள், வண்டி எவ்வளவு வேகத்தில் போனது என்று ஒவ்வொரு வண்டியிலும் கேட்டாக வேண்டுமல்லவா? நிதானமாகப் போகிற வண்டியில் முன் டயர் வெடித்தால், டிரைவர் ஸ்டீயரிங்கைப் பிடித்து ஓரம் கட்ட ஒரு வாய்ப்பாவது உண்டு. பறக்கிற வண்டியில் அது இல்லை. வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்த பிறகு வண்டி ஓடி நிற்கிற தூரம் நாலு மடங்காகும். இது எந்த டிரைவிங் ஸ்கூலிலும் சொல்லிக்கொடுக்கிற பாடம்.

இத்தனைக்கும் இது பறக்கிற ரோடா? அரவை சீசன் வந்துவிட்டால் நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கும். கரும்பு இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். பின்னால் வருகிறவனுக்கு எதிரே வருவது தெரியாது. பலாப்பழ சீசனில் பண்ருட்டிப் பக்கம் லாரிகள். ரோட்டோரத்தில் பள்ளிக்கூடம், கடைத்தெரு, கோயில், சைக்கிளில் போகிற பிள்ளைகள். இதில் புகுந்து புகுந்து பறந்து மிச்சம் பிடிப்பது எவ்வளவு தெரியுமா? மணிக்கு 40 கிலோமீட்டர் சராசரியில் போனால் பண்ருட்டிக்கு 37 நிமிஷம் சொச்சம். 50-ல் போனால் 30 நிமிஷம். ஆக, மிச்சம் ஏழரை நிமிஷம்! சனி பகவானுக்கு ஏழரை ஆண்டு வேண்டும். இந்த ரோட்டில் ஏழரை நிமிஷமே போதும்.

வண்டிகளில் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போகாதபடி வேகக் கட்டுப்பாட்டுக் கருவி வைக்க வேண்டும் என்று மத்திய அரசு விதி இருக்கிறது. பல குரலில் அலறுகிற ஹாரனுக்கும் தடை இருக்கிறது. ஏர் ஹாரன்களைப் பிடுங்கிப் போட்டுப் படம் எடுத்துக்கொள்வது அவ்வப்போது நடக்கிறது. அடுத்த வாரமே அதே பஸ்ஸில் அதே சத்தம்! விற்கிற கடை எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், பிடிக்கிறவர்களைத் தவிர.

இலவசம் உண்டு, பஸ்?

2021 மே மாதத்தில் சாதாரண கட்டண டவுன் பஸ்களில் பெண்கள் டிக்கெட் இல்லாமல் போகலாம் என்று அரசு உத்தரவு போட்டது. நல்ல திட்டம். ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வே சொல்லியிருக்கிறது. முந்திரி உடைக்கப் போகிற பெண்ணுக்கும், ஜவுளிக்கடையில் நிற்கிற பெண்ணுக்கும் 888 ரூபாய் என்பது அரிசிக் காசு.

ஆனால் அந்தச் சலுகை அரசு டவுன் பஸ்ஸில் மட்டும்தான். தனியார் பஸ்ஸில் கிடையாது. வெளியூர் போகிற அரசு பஸ்ஸிலும் கிடையாது. ஆகவே நிறுத்தத்தில் பெண்கள் என்ன செய்கிறார்கள்? கண் எதிரே மூன்று பஸ் போனாலும் ஏறாமல், டவுன் பஸ்ஸுக்காகக் காத்து நிற்கிறார்கள். அது எப்போது வரும் என்று கேட்டால், "வரும்" என்பதுதான் பதில். வேலைக்கு நேரமாகிவிட்டால் வேறு வழியில்லை, காசு கொடுத்து அடுத்த வண்டியில் ஏற வேண்டியதுதான். ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தால், பின்னாலேயே டவுன் பஸ் வந்துகொண்டிருக்கும்! அன்றைக்கு வயிற்றெரிச்சல் இலவசம்.

வந்த டவுன் பஸ்ஸாவது நிற்கிறதா? பெண்கள் கூட்டத்தைக் கண்டதும் தள்ளி நிறுத்துகிறார்கள் என்பது இந்த மாவட்டத்தில் மட்டுமல்ல, பல ஊர்களிலும் எழுந்த புகார். "ஓசிதானே" என்று வாய் கூசாமல் பேசுகிற கண்டக்டர்களும் இருக்கிறார்கள். அந்த டிக்கெட்டுக்கான பணத்தை அரசாங்கம் போக்குவரத்துக் கழகத்துக்குக் கொடுக்கிறது. அது அந்தப் பெண்கள் வாங்குகிற தீப்பெட்டியிலிருந்து துணிமணி வரை கட்டுகிற வரிப்பணம். ஓசி எங்கிருந்து வந்தது?

எல்லாக் கண்டக்டரும் அப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். "பட்டாம்பாக்கம் எறங்குறவங்க முன்னாடி வந்துருங்க, பாட்டிம்மா மெதுவா, மெதுவா" என்று கையைப் பிடித்து இறக்கிவிடுகிறவர்களும் இதே ரோட்டில்தான் ஓடுகிறார்கள். இரண்டு ஆள் வேலையை ஒருவர் பார்க்கிற டிப்போக்களில், இரட்டை டூட்டி பார்த்துக் கண் சிவந்து வருகிற டிரைவரிடம் தேன் ஒழுகப் பேசச் சொல்வதும் நியாயமில்லை.

1975-ல் விழுப்புரத்தைத் தலைமையிடமாக வைத்து தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் வந்தபோது, இனி கிராமத்துக்கும் பஸ் வரும், லாபம் பார்க்காமல் ஓடும் என்று தென்னார்க்காடு ஜில்லா ஜனங்கள் சந்தோஷப்பட்டார்கள். பல ஊர்களுக்கு வந்தது. அதை மறுக்க முடியாது. 1993-ல் ஜில்லா இரண்டானது. 1997-ல் கழகங்களிலிருந்து தலைவர்கள் பெயரை எடுத்துவிட்டு, எல்லாம் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்று ஆக்கினார்கள். பெயர்ப் பலகை எழுதுகிறவர்களுக்கு நல்ல வேலை கிடைத்தது. மேல்பட்டாம்பாக்கத்தில் நிற்கிறவருக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை.

ரயில் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. விழுப்புரம் - மயிலாடுதுறை பாதையில் மேல்பட்டாம்பாக்கத்துக்கு ஸ்டேஷன் உண்டு. மீட்டர்கேஜை அகலப்பாதையாக மாற்ற 2006-ல் ரயிலை நிறுத்தினார்கள்; 2010-ல்தான் மறுபடி ஓடியது. ஏறினால் திருப்பாதிரிப்புலியூரில் பஸ் ஸ்டாண்டு பக்கத்திலேயே இறங்கலாம், குலுங்காமல் போகலாம், காசும் குறைவு. ஆனால் பாசஞ்சர் வண்டி ஒரு நாளைக்கு எத்தனை தடவை வந்துவிடப் போகிறது? ஆபீஸ் விடுகிற நேரத்துக்கு ரயில் வந்தால்தானே குமாஸ்தா சீசன் டிக்கெட் எடுப்பார்?

எனவே மறுபடி பஸ்ஸுக்கே வர வேண்டியிருக்கிறது. செய்ய வேண்டியது ஒன்றும் மலையைப் புரட்டுகிற காரியம் அல்ல. ஒரு பஸ்ஸுக்கு பர்மிட் கொடுக்கும்போதே எந்த வழி, எந்த நேரம் என்று குறித்துத்தான் கொடுக்கிறார்கள். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, நிபந்தனையை மீறினால் அந்த பர்மிட்டைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கலாம், ரத்தே செய்யலாம். அந்த அதிகாரம் வட்டாரப் போக்குவரத்து ஆணையத்துக்கு இருக்கிறது. மாவட்டத்தில் அதன் தலைமைப் பொறுப்பு கலெக்டருக்கு. விபத்து நடந்தால் டிரைவர் மீது வழக்குப் போட்டுக் கோர்ட்டுக்கு இழுக்கிறார்கள். வசூலைக் காட்டிப் படி நிர்ணயித்து அவரை விரட்டிய முதலாளியின் பர்மிட் மட்டும் பத்திரமாகப் பெட்டியில் இருக்கிறது! ஒரே ஒரு பர்மிட்டை ஒரு மாதம் நிறுத்திப் பார்க்கட்டும். மறுநாளே ரோட்டில் வித்தியாசம் தெரியும்.

கடலூர், நெல்லிக்குப்பம், மேல்பட்டாம்பாக்கம், பண்ருட்டி ஆகிய நாலு இடத்திலும் காலை, மாலை நெரிசல் நேரத்திலாவது நேரம் குறிக்கிற ஆள் ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு உட்காரட்டும். முன்பெல்லாம் பஸ் ஸ்டாண்டுகளில் இருந்த ஏற்பாடுதான் இது. இன்றைக்கு நோட்டுகூட வேண்டாம். வண்டி எங்கே எந்த வேகத்தில் போகிறது என்று சொல்லுகிற கருவி செல்போனிலேயே இருக்கிறது. முதலாளிகள் தங்கள் டீசல் கணக்குக்கு அதைப் பார்க்கிறார்களே, ஆர்.டி.ஓ. ஆபீஸ் பார்த்தால் ஆகாதா?

போக்குவரத்துக் கழகம் காலை எட்டிலிருந்து ஒன்பதரை வரையும், மாலை ஐந்திலிருந்து ஏழரை வரையும் டவுன் பஸ்ஸைக் கூட்டி விட வேண்டும். இரவு கடைசி பஸ்ஸை எந்தக் காரணத்துக்காகவும் 'கட்' அடிக்கக் கூடாது. கடலூரில் கடை அடைத்துவிட்டு வருகிற விற்பனைப் பெண்கள் அந்த ஒரு பஸ்ஸை நம்பித்தான் வேலைக்கே போகிறார்கள். அது வராத ராத்திரியில் ஷேர் ஆட்டோவுக்குக் கொடுக்கிற காசில் பாதி நாள் சம்பளம் போய்விடுகிறது. வீட்டில் வாங்குகிற ஏச்சு தனி.

அதற்கும் முன்னால், நிறுத்தத்தில் ஒரு தகரப் பலகை. டவுன் பஸ் எத்தனை மணிக்கு, கடைசி பஸ் எத்தனை மணிக்கு, வராவிட்டால் எந்த நம்பருக்குப் போன் செய்வது என்று தமிழில், கொட்டை எழுத்தில். ஒரு பெயிண்டருக்கு அரை நாள் வேலை. பேரூராட்சி பலகையைக் கொடுக்கட்டும், போக்குவரத்துக் கழகம் நேரத்தைக் கொடுக்கட்டும். கலெக்டர் நாள் குறித்தால் இந்த மாதத்துக்குள்ளேயே பலகை ஏறிவிடும்.