ஹொய்ஸ்ட் வருகிறது, தரை எங்கே?

என் இளைய மச்சான் 2007இல் படுவான்கரையில் விழுந்த ஷெல்லில் வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். இப்போது வாவிக்கு இந்தப் பக்கம், எழுவான்கரையில், வீட்டு முற்றத்தில் ஒரு சின்ன கராஜ் நடத்துகிறார். ஒரு டிமோ பட்டாவின் அடியில் போக வேண்டுமென்றால் முதலில் செயற்கைக் காலைக் கழற்றி ஓரமாக வைப்பார். மறுகா சாக்கை விரித்து, மல்லாந்து படுத்து, கைகளால் உந்தி உள்ளே போவார். மேலே ஒரு தொன் பாரம். அதைத் தாங்கி நிற்பது ஒரு ஜாக்கியும் இரண்டு தென்னங்குற்றிகளும்தான். ஜாக்கி சரிந்தால் மற்றவர்கள் உருண்டு வெளியே வரும் வேகத்தில் அவரால் வர முடியாது.

கனடாவில் இருக்கும் மூத்த மச்சான் இதை வீடியோவில் பார்த்துவிட்டு இரவு முழுக்கத் தூங்கவில்லையாம். "நான் ஒரு ஹொய்ஸ்ட் வாங்கி அனுப்புறன். நீ இடத்தை மட்டும் பார்" என்று என்னிடம் சொன்னார். இடத்தைப் பார்க்கப் போய்த்தான் இந்தக் கட்டுரைக்கு வந்து சேர்ந்தேன்.

இது எங்கள் குடும்பக் கதை மட்டுமல்ல. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. திறந்தும் என்ன? சுங்க வரி, உற்பத்தி வரி, 18 சதவீத வற் வரி என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, புதிய வாகனம் நம்மவர்களின் கைக்கு எட்டாத உயரத்திலேயே நிற்கிறது. ஆகவே பழைய வான்களும் பட்டாக்களும் இன்னும் சில வருடங்கள் ஓடியாக வேண்டும். அவற்றை ஓடவைப்பவர்கள் பெரிய நிறுவனங்களின் சேர்விஸ் நிலையங்களில் இல்லை, முற்றத்து மாமரத்தடியில் இருக்கிறார்கள். புலம்பெயர்ந்த உறவுகளும் உதவி அமைப்புகளும் இதைக் கண்டுகொண்டு இயந்திரம் வாங்கிக் கொடுக்க முன்வருவது நல்ல விடயம்தான். ஆனால் கொடுக்கப்படுவது இயந்திரம் மட்டும். அது நிற்பதற்கான தரைக்கு யாரும் காசு ஒதுக்குவதில்லை.

வாவிக்கரைக் கிராமம் ஒன்றில் நானே பார்த்த காட்சி இது. ஒரு அமைப்பு வாழ்வாதார உதவியாக இரட்டைத் தூண் ஹொய்ஸ்ட் ஒன்றைக் கொடுத்திருந்தது. கையளிக்கும் படமும் எடுத்தாயிற்று. இரண்டு மாரி கழிந்தும் தூண்கள் சுவரோரம் தறப்பாளுக்குள் துருப்பிடித்துக் கிடக்கின்றன. அதன் மோட்டார் மூன்று கட்ட மின்சாரத்துக்கு உரியது, வீட்டுக்கு வந்திருப்பதோ ஒற்றைக் கட்டம். இயங்காமல் கிடந்ததே நல்லதாகப் போயிற்று என்று சொல்வேன், ஏனென்றால் அந்த வீட்டின் தரை மூன்றங்குலம்.

தரைதான் முழு விடயமும். இரட்டைத் தூண் ஹொய்ஸ்ட் தன் காலில் தானே நிற்பதில்லை, கொங்கிறீட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. வாகனம் மேலே ஏறும்போது இரண்டு தூண்களும் உள்நோக்கிச் சாயப் பார்க்கும். அந்தச் சாய்வைத் தடுப்பது அடியில் உள்ள நங்கூர போல்ட்டுகள். அவற்றைப் பிடித்திருக்கும் கொங்கிறீட் மெலிந்ததாக இருந்தால் போல்ட் ஒரு துண்டுத் தரையையும் பெயர்த்துக்கொண்டு வெளியே வரும். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் குறைந்தது 4 முதல் 6 அங்குலத் தடிப்பும், 3000 பிஎஸ்ஐ வலிமையும் கேட்கிறார்கள். வாங்கும் மாதிரியின் கைநூலில் எவ்வளவு என்றிருக்கிறதோ அதுதான் கணக்கு, கடைக்காரர் வாயால் சொல்வது அல்ல. நம் வீட்டுத் தரைகளில் அந்தத் தடிப்பை எதிர்பார்க்க முடியாது. போர்க்காலத்தில் படுவான்கரைக்குச் சீமெந்தும் கம்பியும் கொண்டுபோகத் தடை இருந்தது. சீமெந்தை மிச்சம்பிடித்து மெல்லியதாகத் தரை போடும் பழக்கம் அந்தக் காலத்திலிருந்தே நம் மேசன்மாரின் கையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

மண்ணும் கரைக்குக் கரை வேறு. எழுவான்கரை என்பது கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் மணல் திட்டு. இறுக்கி அடித்த மணல் பாரம் தாங்கும். ஆனால் பள்ளக் காணியை உயர்த்தக் கொட்டிய மணலை யாரும் அடுக்கடுக்காக நனைத்து இறுக்குவதில்லை. படுவான்கரையின் வயல் களியோ மாரியில் ஊதி, கோடையில் வெடிக்கும். இரண்டிலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: தூண்கள் நிற்குமிடத்தில் பழைய தரையை உடைத்து அகற்றி, கீழ்மண்ணை இறுக்கி, இரண்டு தூண்களையும் சேர்த்துத் தாங்கும் ஒரே பலகையாக, கம்பி கட்டி, புதிதாகக் கொங்கிறீட் போட வேண்டும். தூணுக்கடியில் மூட்டோ வெடிப்போ வரக்கூடாது. மாபிள் ஒட்டிய தரையில் அதன் மேலேயே போல்ட் அடிப்பது பெரும் பிழை. குழைக்கும் தண்ணீரையும் கவனிக்க வேண்டும். கடலோரக் கிணறுகள் பலவற்றில் உவர். அந்தத் தண்ணீரும் கழுவாத கடல் மணலும் உள்ளே போனால் கம்பி உள்ளிருந்தே துருப்பிடிக்கும், வெளியே தெரியாது. போட்டு முடித்த பின் ஒரு கிழமையாவது ஈரச் சாக்குப் போட்டு வைத்து, 28 நாள் கழித்தே துளையிட வேண்டும். இந்த 28 நாளைச் சொன்னால்தான் எல்லோருக்கும் முகம் சுருங்குகிறது.

"அப்ப பழையபடி குழி வெட்டினால் என்ன?" என்று ஒரு பெரியவர் கேட்டார். மார்கழியில் அந்தக் குழி கிணறாகிவிடும். தண்ணீர் இல்லாத நாட்களிலும் பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது, குழிக்குள் போய்த் தங்கும். ஒரு பொறி போதும்.

கனடாவிலிருந்து பழைய ஹொய்ஸ்ட் அனுப்பும் யோசனையையும் கைவிட்டோம். அங்கே மின்சாரம் 60 ஹேர்ட்ஸ், இங்கே 50. அந்த மோட்டார் இங்கே மெதுவாகச் சுற்றி, அளவுக்கு மீறிச் சூடாகும். லண்டனிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ அனுப்புவோருக்கு இந்தச் சிக்கல் இல்லை, ஆனால் ஒற்றைக் கட்டமா மூன்று கட்டமா என்று தகட்டைப் பார்த்துவிட்டு அனுப்பட்டும். ஒற்றைக் கட்டம் என்றாலும் சமையலறைப் பிளக்கில் செருகும் சாமான் அல்ல. பிரதான பெட்டியிலிருந்து தனி வயர், தனி பிரேக்கர், ட்ரிப் சுவிட்ச், சரியான எர்த். 2011 ஜனவரியிலும் 2024 நவம்பரிலும் வெள்ளம் எவ்வளவு உயரத்துக்கு வந்தது என்று சுவரில் கறை இருக்கும். மோட்டாரையும் சுவிட்ச்சையும் அந்தக் கறைக்கு மேலே வைக்க வேண்டும்.

எந்த வகை வாங்குவது? கூரை தடுக்கும். வான் ஒன்றே ஆறரை அடி உயரம். அதை நின்று வேலை செய்யும் உயரத்துக்குத் தூக்கினால் பன்னிரண்டு அடிக்கு மேல் வெளி வேண்டும். நம் அஸ்பெஸ்டஸ் கொட்டில்கள் அவ்வளவு இல்லை. நான்கு தூண் வகை உறுதியானது, பாரத்தையும் பரப்பி இறக்கும், ஆனால் சில்லு கழற்றத் தனி ஜாக்கி வேண்டும், இடமும் அதிகம் தின்னும். இடுப்பளவு தூக்கும் கத்தரி வகை பிரேக், டயர், சஸ்பென்ஷன் வேலைகளுக்குப் போதும். நடுப்பகுதியை அடைப்பதால் கியர்பெட்டி இறக்குவது கஷ்டம். ஆனால் கதிரையில் இருந்து வேலை செய்யும் ஒருவருக்கு அந்த உயரம்தான் அளவு. எங்களுக்கு முதலில் அது விளங்கவில்லை. இளைய மச்சானே சொன்னார்: "எனக்கு நிக்கிற உயரம் வேணாம், இருக்கிற உயரம்தான் வேணும்." ஊனமுற்றோருக்கு உதவி செய்வோர் அவர்களிடமே ஒரு வார்த்தை கேட்டால் பாதிச் சாமான் தறப்பாளுக்குள் கிடக்காது.

எந்த வகையானாலும் ஒரு விதி மாறாது. தூக்கிய பின் எண்ணெய் அழுத்தத்தை நம்பி அடியில் போகக்கூடாது. இரும்புப் பூட்டின் மேல் இறக்கி இருத்தி, இரண்டு பக்கமும் பூட்டு விழுந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே போக வேண்டும். தூண் வகையில் கைகளை வாகனத்தின் சட்டத்தில் உரிய இடத்தில் கொடுத்து, ஓரடி தூக்கி, அசைத்துப் பார்க்க வேண்டும். இருக்கைக்கடியில் இயந்திரம் உள்ள வான்களுக்கு முன்பாரம் அதிகம். உப்புக் காற்றில் வடக்கம்பிகள் சீக்கிரம் துருப்பிடிக்கும். ஒரு இழை அறுந்திருந்தாலும் மாற்ற வேண்டியதுதான்.

இதையெல்லாம் யார் வந்து பார்ப்பது? 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டத்தில் பாரந்தூக்கும் இயந்திரங்களைப் பரிசோதிக்கும் ஏற்பாடு உண்டு. அது கூலிக்கு ஆள் வேலை செய்யும் இடங்களுக்கான சட்டம். தனியாளாக முற்றத்தில் வேலை செய்பவர் அதற்கு வெளியே நிற்கிறார். போரில் காயப்பட்டு, கூலி வேலை கிடைக்காமல் சொந்தத் தொழிலுக்கு வந்தவர்களில் பலர் இப்படித்தான். பிரதேச சபைகள் கராஜுக்கு வர்த்தக அனுமதி கொடுக்கும்போது ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தரை அனுப்பித் தரையைப் பார்க்கச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? உதவி அமைப்புகள் தங்கள் வரவுசெலவில் சீமெந்து, கம்பி, வயர், பரிசோதனை என்று நான்கு வரிகள் கூடப் போட்டால் என்ன?

எங்கள் கணக்கில் தரைக்கும் வயருக்கும் போன காசைப் பார்த்து மூத்த மச்சானுக்கு முதலில் கோபம். கத்தரி வகைக்கு நங்கூரம் அவ்வளவு தேவையில்லை என்றாலும், பிறகு ஒரு நாள் தூண் வகை வைக்க வேண்டி வரலாம் என்று ஆறங்குலமே போட்டோம். நேற்றுப் படம் அனுப்பினேன். "என்னடா, வெறும் தரையைப் படம் எடுத்து அனுப்பியிருக்காய்?" என்றார். பதினொரு நாள் ஆகிறது, இன்னும் பதினேழு இருக்கிறது என்றேன். சாக்கு காயாமல் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுவது இளைய மச்சானின் மகள்.