ஊசிமுனையில் ஒரு புதிர்



வள்ளல் அழகப்பச் செட்டியார் அளித்த 300 ஏக்கர் நிலத்தில் 1953-இல் திறக்கப்பட்டது காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிலையம். ‘சிக்ரி’ என்றால் அனைவரும் அறிவர். மின்வேதியியல் நமக்கெதற்கு என்று எண்ணிவிடாதீர்கள். காரக் கரைசலில் டங்ஸ்டன் கம்பியை அமிழ்த்தி மின்சாரம் செலுத்தினால், கம்பி அரிக்கப்பட்டு மிகக் கூரிய முனை கிடைக்கும். அணுக்களையே காட்டும் ‘ஸ்கேனிங் டன்னலிங்’ நுண்ணோக்கியின் ஊசி இம்முறையிலும் செய்யப்படுகிறது.

1981-இல் சூரிச் ஐ.பி.எம். ஆய்வகத்தில் பின்னிக், ரோரர் இருவரும் இக்கருவியை உருவாக்கினர். ஊசி பொருளைத் தொடுவதில்லை. நுண்ணிய இடைவெளியைத் தாண்டிவரும் மின்னோட்டமே செய்தி சொல்கிறது. இடைவெளி ஒரு மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு கூடினாலும் மின்னோட்டம் ஏறத்தாழப் பத்தில் ஒன்றாகக் குறைந்துவிடும்.

அதே ஆய்வகத்தில் 1986-இல் பெட்னோர்ஸ், முல்லர் இருவரும் புதுவகை மீக்கடத்தியைக் கண்டனர். மீக்கடத்தி என்பது மின்தடையே அற்ற பொருள். மறு ஆண்டு கிடைத்த வேறொரு வகைக்குத் திரவ நைட்ரஜனின் குளிரே போதுமானதாயிற்று. காரணம் என்ன? அனைவரும் ஏற்கும் விடை இன்றும் இல்லை. பிஸ்மத் கலந்த இத்தகைய படிகத்தின் மேற்பரப்பை ஊசியால் ஆராய்ந்தோர், சில நானோமீட்டர் தொலைவுக்குள்ளேயே அதன் தன்மை இடத்துக்கிடம் மாறுவதை 2001-இல் அறிவித்தனர்.

இப்புதிர் விடுபட்டால், கம்பிகளில் வீணாகும் மின்சாரத்தை மிச்சப்படுத்த வழி பிறக்கலாம். படைப்பைச் சிந்திக்கத் தூண்டும் மார்க்கம் நம்முடையது. மகனை மட்டுமன்றி மகளையும் இயற்பியலும் வேதியியலும் பயில அனுப்புங்கள். விடை காண்பவர் உங்கள் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம், இன்ஷா அல்லாஹ்.