இளவேனிலும் எளிய இன்பங்களும்

சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று தேர்வில் எழுதி மதிப்பெண் பெறாத தமிழ் மாணவர் இலர். ஆனால், அவ்விளவேனிற் காலையில் எழுந்து ஊர்ப்புறத்தே ஒரு கல் தொலைவேனும் நடந்தவர் எத்துணைப் பேர் என வினவினால் வகுப்பறை அமைதியாகிவிடுகிறது. அந்த அமைதியே இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று.

வேனில் என்றதும் வெயிலொன்றே நம் நினைவிற்கு வருகின்றது. வெயில் கொடியதுதான், மறுப்பதற்கில்லை. ஆயினும், கதிரவன் எழும் வேளையில் வெளியே சென்று பாருங்கள். பழைய இலையுதிர்த்த புங்கமரம் பளபளக்கும் தளிரோடு நிற்கும். வேப்பம்பூவின் மணம் தெருவெங்கும் பரவும். நேற்று அரும்பாயிருந்த சரக்கொன்றை இன்று மலர்ந்திருத்தல், ஒரே வழியில் நாள்தோறும் நடப்பவர்க்கே புலனாகும். ஒருநாட் சுற்றுலாவில் அது வாய்க்காது. குறுந்தொகையின் 53ஆம் பாடல், வெண்மணலில் உதிர்ந்து கிடக்கும் புன்கம்பூவை வெறியாடு களத்தில் சிதறிய நெற்பொரிக்கு ஒப்பிடுகின்றது. மாணவப் பருவத்தில் அதனை உவமை என்று அடிக்கோடிட்டு வைத்தோம். புங்கமரத்தடியில் நின்ற ஒரு காலையில்தான், புலவர் கண்ணாற் கண்டதைக் கூறினார் என்பது விளங்கிற்று.

நடையோடு சேர்ந்த மற்றோர் இன்பம் பழம் பறித்தல். கடையில் எடைபோட்டு வாங்கும் பழத்தைச் சொல்லவில்லை. முள்ளுக்குள் கைவிட்டுப் பறிக்கும் பழத்தையே சொல்கிறோம். களாக்காயைப் பறித்தால் பால் வடியும். கடித்தால் பல் கூசும். சிவந்து கறுத்த பின்னரே இனிப்பு ஏறும். எது பழுத்தது, எது இன்னும் இரண்டு நாள் பொறுக்க வேண்டியது என்பதை விரலே அறிந்துகொள்ளும். ஈச்சம்பழத்திலோ பெரும்பகுதி கொட்டைதான். அதனை வயிறு நிறைவதற்காக உண்டவர் எவருமிலர். நுங்கைக் கரண்டியால் உண்பாரும் இன்று உளர். கட்டைவிரலால் தோண்டி, முழங்கை வரை நீர் வழிய உண்டவரே அதன் சுவையை அறிவர்.

நாவல் சற்றுப் பிந்தி ஆனியிற் பழுக்கும். நற்றிணையின் 35ஆம் பாடலில், மணலில் உதிர்ந்த நாவற்கனியைத் தம் இனமென்று கருதித் தும்பிகள் மொய்க்கின்றன. நண்டோ தும்பியையே கனியென்று பற்றிக்கொள்கிறது. மண்ணொட்டிய கரிய நாவற்பழத்தைக் குனிந்து எடுத்தறியாத மாணவர்க்கு இம்மயக்கத்தை எவ்வளவு விளக்கினும் அது சொல்லாகவே நிற்கும்.

இவற்றுக்குப் பணம் வேண்டா. இடமும் நேரமும் வேண்டும். களாவும் ஈச்சையும் பெரும்பாலும் கரட்டிலும் ஏரிக்கரையிலும் மேய்ச்சற் புறம்போக்கிலும் வளர்பவை. அந்நிலங்களிற் சில மனைகளாயின. பலவற்றைச் சீமைக்கருவேலம் கைப்பற்றிக்கொண்டது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் இசைவு வேண்டும் எனத் தமிழக அரசு 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது, வரவேற்கத்தக்கது. களாவுக்காகப் பேசுவார் யார்? மண்வெட்டும் இயந்திரத்தின் முன் அது வெறும் முட்புதர்.

நேரமோ பயிற்சி வகுப்புகளுக்குப் போய்விட்டது. பெற்றோரைக் குறை கூறோம். அவர்தம் அச்சம் மெய்யானது. எனினும், காலையில் ஒரு மணி நேரத்தையேனும் பிள்ளைகளுக்கு விட்டுவைத்தலாகாதா? இன்னொன்றையும் மறையாது கூற வேண்டும். மாணவர் தனியே சென்றுவரும் கரைவழியில் மாணவியரை அவ்வாறு அனுப்ப வீட்டார் பலர் இசைவதில்லை. ஆகவே, தமிழ்த்துறையே முன்னின்று அழைத்துச் செல்லுதல் கடன் என்பது எம் கருத்து. சங்க இலக்கியத் தாளுக்குரிய வகுப்புகளில் நான்கையேனும் ஏரிக்கரையில் நடத்தலாம்.

சென்ற சித்திரையில், பருவத்தேர்வுக்கு முன், இருபதின்மரை அவ்வாறு அழைத்துச் சென்றோம். களா என்பதற்கு ‘ஒருவகைச் செடி’ என்றே எழுதிவந்த மாணவி ஒருவர் காயைக் கடித்து முகம் சுளித்தார். உதட்டில் பால் ஒட்டிக்கொண்டது. பழுக்க வைகாசியாகும் என்றோம். “வைகாசியில் விடுதி மூடியிருக்குமே, ஐயா” என்றார். அதற்கு எம்மிடம் விடையில்லை. தம் ஊர் ஏரிக்கரையில் களா உண்டா எனப் பார்த்து எழுதும்படி கூறி அனுப்பினோம்.